சாய்த்துப் பிடித்த பைப்

கல்யாணமாகி அந்தியூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தபோது எனக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. அவருக்கோ எந்த மொழியிலுமே அதிகம் பேச வராது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். மண்டி மொஹல்லாவில் ஒரு பட்டறையில் கேட், ஜன்னல் கிரில்லுக்கெல்லாம் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். பட்டறைக்குப் பின்சந்தில் எங்களுக்கு ஒற்றை அறை. சாயங்காலம் வருவார், குளிப்பார், சாப்பிடுவார். "உப்புச் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டால் "ம்" என்பார். கோபக்காரரோ என்று முதலில் பயந்தேன். கோபமெல்லாம் இல்லை, பேசத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாய்லர், பெரிய பைப் லைன் வேலைக்கெல்லாம் டெஸ்ட் பாஸ் பண்ணி சர்ட்டிபிகேட் வாங்கிய வெல்டரைத்தான் எடுப்பார்கள். அதற்கான பயிற்சி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஓரிடத்தில் நடந்தது. பட்டறை வேலை முடிந்ததும் சைக்கிளில் அங்கே போக ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பைப் துண்டை ஜன்னல் கம்பியில் சாய்வாகக் கட்டிவிட்டு, கரண்ட் இல்லாமலே வெறும் வெல்டிங் ராடைப் பிடித்து அதைச் சுற்றி மெல்லக் கையை ஓட்டிக்கொண்டிருந்தார். கயிறு நழுவிப் பைப் இறங்கியது. இறுக்கிக் கட்டினார். மறுபடியும் நழுவியது. நான் அரிசி களைவதை விட்டுவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்த்துப் பைப்பை நானே பிடித்துக்கொண்டேன்.

"ஸ்வல்ப சாய்ச்சுப் புடி" என்றார்.

கொஞ்சம் சாய்த்தேன். அடியில் தொடங்கி நத்தை மாதிரி மேலே வந்தார். எனக்குக் கை கடுத்தது, சொல்லவில்லை. பாதியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், "சாகு, சாகு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பைப்பைத் தரையில் வைத்துவிட்டேன். "நான் என்னங்க பண்ணினேன்? எதுக்குச் சாகச் சொல்றீங்க?" கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு புரிந்துபோய், "ஐயோ, போதும்னு சொன்னேன். கன்னடத்துல சாகுன்னா போதும். உனக்குக் கை நோவுமேன்னு..." என்றவர், முடிக்க முடியாமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூக்கைச் சிந்திக்கொண்டே நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பைப்பைப் பிடிப்பது என் வேலை. "டெஸ்ட்டுல பைப்பைத் திருப்பக் கூடாது, நாமதான் சுத்தி வரணும்" என்று சொல்லிக்கொடுத்தார். "அடிப்பக்கம்தான் கஷ்டம். உருகின இரும்பு சொட்டப் பார்க்கும். அந்த எடத்துல மூச்சைப் புடிச்சுக்கறேன் போல, கை நடுங்குது. நீ எதையாவது பேசிக்கிட்டே இரு."

ஊரில் எங்கள் எருமை தறிக்கொட்டகைக்குள் புகுந்ததைச் சொன்னேன். தங்கச்சி கிணற்றில் குதித்து நீந்துவதைச் சொன்னேன். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்பார். கேட்கும்போது கை நேராகப் போகும்.

முதல் டெஸ்ட்டில் தேறவில்லை. வெல்டு வைத்த இடத்தைப் பட்டையாக அறுத்து, மெஷினில் வைத்து வளைப்பார்களாம். வெல்டு நன்றாக இல்லாவிட்டால் வாய் பிளந்துவிடும். பிளந்த பட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

"கேட்டு, கிரில்லே போதும் எனக்கு" என்றார்.

"நான் தொணதொணன்னு பேசினதுதான் கெடுத்துப்போட்டதுங்களா?"

"நீ அங்க இல்ல. அதான்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்பைப் பற்றவைத்து, இருக்கிற பாலையெல்லாம் ஊற்றிக் காப்பி போட்டேன்.

மனசு மாறி அவர் மறுபடி டெஸ்ட்டுக்குப் போன அன்று நானும் கூடப் போனேன். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்தேன். ஷெட்டுச் சுவரில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. வாட்ச்மேன் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கண்ணை மூடிக் காட்டினார். பார்க்காதே என்கிறார் என்று புரிந்து திரும்பிக்கொண்டேன். எதில் அவர் இருக்கிறார் என்று தெரியாததால் எல்லா வெளிச்சத்துக்கும் வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி வெளியே வந்தார். வளைந்த பட்டை ஒன்றை என் கையில் வைத்தார். வளைவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் விரிசல் தட்டவில்லை. மேலும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"ஆச்சுங்களா?"

தலையாட்டினார். கண்கள் சிவந்திருந்தன, நெருப்பைப் பார்த்தோ என்னவோ. அங்கேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம்.

அடுத்த மாதமே மங்களூர்ப் பக்கம் பெரிய பைப் லைன் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தேறினால் ஊரை விட்டுப் போகவேண்டிவரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குத் தோன்றியிருக்கும், சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "ரூம் கிடைச்சதும் வர்றேன்" என்றார்.

நான் தனியாக இருந்தேன். தேவராஜ மார்க்கெட்டில் தப்புத்தப்பாகக் கன்னடம் பேசிக் காய் வாங்கினேன். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் வந்து கதவைத் தட்டினார். கறுத்து இளைத்திருந்தார். சமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று பார்த்திருப்பதாகவும், தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்பு என்றும் வாசலில் நின்றபடியே சொன்னார். ஸ்டவ்வையும் பாத்திரங்களையும் கோணியில் கட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பினோம்.