அப்பாவின் நெஞ்சுக்கு ஒரு சாட்சி

கரும்புக்காட்டு வரப்பில் அப்பா மயங்கி விழுந்தார். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, திடீரென்று நின்று நின்று ஓடுகிறது என்று உள்ளூர் டாக்டர் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பேண்ட் போட்டவன் பேசினால் டாக்டர் கேட்பார் என்று அம்மா என்னைக் கட்டிலருகே நிறுத்திவிட்டாள்.

டாக்டரைக் கண்டதும் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்.

"எப்படி இருக்கு, பெரியவரே?"

"நல்லாருக்கேனுங்க. உங்க ஊட்டுல கொழந்தைங்கல்லாம் சௌக்கியங்களா?"

நாடியும் அந்த நேரத்துக்கு மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல அடக்கமாக இருக்கும். ஈ.சி.ஜி.யிலும் ஒன்றும் விழவில்லை. அப்பா மயங்கி விழுந்ததைச் சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்த இங்கிலீஷ் வாக்கியத்தை நான் சொன்னேன்.

"என்ன படிக்கிறீங்க தம்பி?" என்று டாக்டர் தமிழில் கேட்டார்.

"பி.எஸ்ஸி. கணக்குங்க சார்."

"அதைப் பாருங்க. நாளைக்கு இவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

டாக்டர் நகர்ந்ததும் அப்பா என்மேல் பாய்ந்தார். "நல்லாருக்கியான்னு கேக்கறவங்ககிட்ட நோவைச் சொல்றதா? படிச்சு என்ன மரியாதை கத்துக்கிட்ட?"

அடுத்த தடவை கிணற்றோரம் விழுந்தால் என்ன ஆகும்? அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்தான். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிச் சித்தப்பா. அன்று மாலையே பஸ் ஏறிப்போய் அவர் வாசலில் நின்றேன்.

"நான் தள்ளிவிட்டேன்னு சொல்லுவாங்களாடா?"

"இல்லீங்க சித்தப்பா. உழுந்ததை மட்டும் சொல்லுங்க, போதும்."

காலையில் சித்தப்பா சலவைச் சட்டையும் ஆரஞ்சுப் பழப் பையுமாக வந்தார். டாக்டரும் வந்தார். அப்பா வழக்கம்போல, "நல்லாருக்கேனுங்க."

"பொய்யிங்க சார்! என் வரப்பை வெட்டிக்கிட்டிருந்தவரு அப்படியே கண்ணு சொருகி உழுந்தாருங்க. நான்தான் தூக்கினேன்."

"எவன் வரப்புடா? எங்கய்யன் போட்ட வரப்பு—"

பாதியில் குரல் நின்றது. அப்பா கட்டிலில் சரிந்தார். டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். முதல் தடவையாக டாக்டரின் முகம் மாறியது. "மெஷினைக் கொண்டு வாங்க, சீக்கிரம்!"

சாட்சி சொல்லத்தான் சித்தப்பாவை அழைத்து வந்தேன். இப்படி நிரூபித்துக் காட்டுவார் என்று நினைக்கவில்லை. அம்மா அப்பாவின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். மெஷினிலிருந்து வந்த தாளில் கோடு மேலும் கீழுமாகத் தாறுமாறாக ஓடியது. ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க. நெஞ்சு எப்படி இருக்கு?"

கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவை அப்பா முறைத்தார்.

"இவன் வெளிய போகட்டுமுங்க. சொல்றேன்."