மச்சான் பக்கம்

உள்ளங்கையை விரித்து, படகைப் போர்த்திய உறையின் மேல் ஒரு தட்டு தட்டுவார். தம்மென்று கேட்டால் சரி. தொப்பென்று கேட்டால் படகை இன்னொரு சுற்று சுற்றி வந்து, தளர்ந்த பட்டை எது என்று குனிந்து தேடி, இழுத்துக் கட்டி, மறுபடியும் தட்டுவார். வயிறு உப்பிய குழந்தையைத் தட்டிப் பார்க்கிற டாக்டருக்குக்கூட இந்தப் பொறுமை வராது. படகுகளை நிறுத்தி வைக்கும் அந்தக் கம்பிவேலி மைதானத்தில் இவருக்குப் போர்வைக்காரர் என்று பெயர். வைத்தவர் வாசலைத் திறந்து மூடுகிற காவலாளி. பெயர் இவர் காதுக்கும் வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை. "போர்வை இல்லாம அலையறவன்னு பேர் வாங்கறதுக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டார்.

பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. முன்னால் கூட்டம் கலகலக்கும். பின்னறையில் இவரும் இயந்திரமும்தான். ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொள்வதே நாள் முழுக்கக் கவலை. அந்தக் கவலை விடுமுறை நாளில் சும்மா இருக்குமா? படகுக்குத் தாவிக்கொள்ளும்.

பாய்ப்படகு வைத்திருப்பவர் எப்போதும் தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பார் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். டிரெய்லரில் ஏற்றி இழுக்கிற சின்னப் படகு முக்கால்வாசிக் காலம் தரையில் நிற்கும். மீதியில் பாதி ரோட்டில் ஓடும். எஞ்சியதுதான் ஏரிக்கு. இவருடைய படகும் அப்படித்தான். ஒரே பாய்மரம், முட்டியோடு முட்டி இடிக்க இரண்டு பேர் உட்காரும் ஓர் அறை, இழுப்பதற்கு மூச்சு வாங்கும் ஒரு பழைய கார்.

மற்றவர்கள் ரோட்டில் இழுத்துப் போகும்போது உறையைச் சுருட்டிக் காருக்குள் எறிந்துவிடுவார்கள். சிலர் உட்காரும் குழியை மட்டும் மூடுகிற அரை உறையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒரு புண்ணியவான் நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, கயிற்றைச் சுற்றி, காற்றுக்கு வழி விட்டுக் கிளம்பினார். அது பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் வந்த லாரியின் முகத்தில் அப்பிக்கொண்டது. லாரிக்காரர் நிதானஸ்தர், திட்டியதோடு விட்டார். போர்வைக்காரரோ நிறுத்தி வைத்தாலும் சரி, இழுத்துப் போனாலும் சரி, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கெட்டித் துணி உறை. சாய்த்துப் படுக்க வைத்த பாய்மரத்தின் மேல் அது கூரை போலச் சரிந்து இறங்கும். படகின் வயிற்றைத் தாண்டி வந்து அடியில் பட்டைகளால் கட்டுப்படும்.

"அரை மணி நேர ரோட்டுக்கு இவ்வளவு அலங்காரமா சார்?" என்று காவலாளி கேட்பார். "நீங்க மூடி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடுவேன்."

"லாரி டயர்லேருந்து தெறிக்கிற கல்லு நலம் விசாரிக்கவா வருது?" என்பார் இவர். "மூடறது பெரிசில்லை. தளர மூடறதுக்கு மூடாமலே இருக்கலாம். துணி காத்துல அடிச்சுக்கிட்டே போனா, உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி பெயின்ட்டைத் தின்னுடும்."

ஈரத்தோடு மூடுவதும் அவர் கணக்கில் பாவம். கடற்பஞ்சால் ஒற்றி, துண்டால் துடைத்து, உள்ளே மூலைமுடுக்கெல்லாம் விரலை விட்டுப் பார்த்து, காற்றுப் போக இரண்டு பக்கமும் துவாரம் திறந்து வைத்த பிறகுதான் உறை மேலே ஏறும்.

உண்மையில் இது இரண்டு ஆள் வேலை. பட்டையை ஒருவர் படகுக்கு அடியில் வீச வேண்டும். மறுபக்கம் நிற்பவர் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும். படகு வாங்கிய நாளிலிருந்து இடப்பக்கம் இவர், வலப்பக்கம் மச்சான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பாதிப் படகுக்குச் சொந்தக்காரன். இருவரும் சேர்ந்து வாங்கியதுதான் அது. இடம் வலம் என்று அவர்கள் சொன்னதே இல்லை. என் பக்கம், மச்சான் பக்கம், அவ்வளவுதான். மச்சான் அவசரக்காரன். ஈரம் காய்வதற்குள் மூடப் பார்ப்பான். ஆனால் கட்டுவதில் கில்லாடி. அவன் முடிச்சை அவிழ்க்க இவர் நகம் இரண்டு உடையும். "எதுக்குடா இந்தக் கட்டு? படகு என்ன ஓடியா போயிடும்?" என்றால், "உங்களை நம்பலாம், காத்தை நம்ப முடியுமா அத்தான்?" என்பான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவி பிரிந்து போனாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்தது, பிறகு பேசுவதற்கு விஷயமும் குறைந்தது. "அந்தப் படகைப் போத்தற அக்கறையில பாதி வேண்டாம், கால்வாசி என்மேல இருந்தா போதும்" என்று ஒருமுறை சொன்னாள். இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கத் தவறியவர், இன்றைக்கும் அதை நினைத்து நடுவில் வேலையை நிறுத்திவிடுகிறார். கட்டில், அலமாரி, பாத்திரம் எல்லாம் பிரிந்தன. படகை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. ஒரு வாரம் இவருக்கு, மறு வாரம் மச்சானுக்கு என்று யாரோ நடுவில் நின்று பேசி முடித்தார்கள்.

மச்சானோடு மனஸ்தாபம் எதுவும் கிடையாது. ஆனாலும் அக்கா ஒரு பக்கம் நிற்கும்போது தம்பி எந்தப் பக்கம் நிற்பான்? பேச்சு நின்று போயிற்று. இவர் இருப்பது இப்போது ஒரு செருப்புக்கடைக்கு மேலே ஓர் அறையில். ஒரு நாற்காலி, ஒரு தம்ளர். கடையில் முதலாளி பேசுவார், பவர் எவ்வளவு, எப்போது தயாராகும் என்று. மற்றபடி இவரிடம் வாய் திறந்து பேச ஆள் இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை, மனுஷர் தனியாகிவிட்டார்.

ஆனால் தன் முறைக்குப் போய் உறையை அவிழ்க்கிறபோதெல்லாம் நகம் உடையும். இரண்டு பக்கமும் மச்சானின் முடிச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு, "எமகாதகன், எப்படிக் கட்டியிருக்கான் பாரு" என்று வைதுகொண்டே அவிழ்ப்பார். வைகிற குரலில் ஒரு தெம்பு இருக்கும். உள்ளே ஏறினால் ஈரவாடை வரும். "சொன்னா கேக்கறானா?" என்று முணுமுணுத்துக்கொண்டு, காய்ந்த துண்டு ஒன்றை இருக்கையின் மேல் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வருவார். அடுத்த முறை அது நனைந்து, மடித்து, அதே இடத்தில் இருக்கும். பக்கத்தில் பாதி பிஸ்கட் பொட்டலமும் இருக்கும். இவர் அதைத் தின்றுவிட்டு டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைப்பார். நாலு வருஷம் இருவரும் குடும்பம் நடத்தியது இப்படித்தான்.

இந்த வருஷம் ஒருநாள் போனபோது முடிச்சு சுண்டியதும் அவிழ்ந்து வந்தது. இவர் போட்டதுதான். மச்சான் தன் வாரத்துக்கு வரவில்லை. வேலை இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. துண்டு காய்ந்து கிடந்தது. அதற்கடுத்த முறை வேலிக்கு வெளியே காரை நிறுத்தியதுமே இறங்கிப்போய்ப் படகைத் தொடாமல் முடிச்சுகளை மட்டும் பார்த்தார். எல்லாம் தன் கைவேலை. அப்படி ஒரு வெறுமை அவருக்கு வீடு பிரிந்த அன்றுகூட வரவில்லை.

"இன்னொரு சார் வர்றதில்லையே?" என்று காவலாளியிடம் பட்டும் படாமல் கேட்டார்.

"வரலீங்க. ஒடம்புக்கு என்னமோ ஆகி ஆஸ்பத்திரில இருந்ததா அவர்கூட வேலை பாக்கறவர் சொல்லிட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா? உங்க சொந்தக்காரர்னு இல்ல நான் நெனச்சேன்."

சொந்தக்காரரா? மனைவி இல்லாதவனுக்கு மச்சான் ஏது? எண் போனில் இருந்தது. அழுத்தவும் விரல் போயிற்று. யார் பேசுவது என்று கேட்டால் என்னவென்று சொல்வது? நாலு வருஷமாக எட்டிப் பார்க்காதவன் இன்றைக்கு எந்த உரிமையில் விசாரிப்பது? வேறு ஏதாவது கேட்கக் கூடாததைக் கேட்க நேர்ந்துவிட்டால்? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏரியில் அன்று பாய் விரித்தும் மனம் விரியவில்லை. சீக்கிரமே கரைக்கு வந்து, துடைத்து, மூடி, கட்டி, கிளம்பிவிட்டார். வழக்கமாகக் கொஞ்சதூரம் போனதும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி உறையைத் தட்டிப் பார்ப்பவர், அன்று பங்கைத் தாண்டிப் போனது தெரியாமல் போய்விட்டார். பின்னால் படபடவென்று சத்தம் கேட்டது. கேட்டும் வெகுநேரம் அது தன் படகு என்று உறைக்கவில்லை. தளர மூடுகிற ஆள் அவர் இல்லையே.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தார். மச்சான் பக்கத்துக்குப் பட்டைகளை அடியில் வீசியிருக்கிறார். சுற்றிப் போய்க் கட்டவே இல்லை. அந்தப் பக்கம் ஆள் நிற்கிற நினைப்பில் வீசிவிட்டு வந்துவிட்டார். தளர்ந்த துணி அடித்து அடித்து, படகின் விலாவில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. லென்ஸில் விழுகிற கீறலை ஒரு காத தூரத்தில் கண்டுபிடிப்பவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அங்கேயே, வண்டிகள் விர்ரென்று கடக்கிற ரோட்டோரத்தில், போனை எடுத்து அழுத்திவிட்டார்.

எடுத்தது மச்சான் இல்லை. "யாரு?" என்றாள் அவன் அக்கா.

நாலு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். இவருக்குத் தன் பெயரே சட்டென்று வரவில்லை. "படகுகிட்டேருந்து பேசறேன்" என்றார்.

அவளுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. பிறகு அவள் வம்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல் சொன்னாள். "பக்கவாதம் மாதிரி வந்துடுச்சு. இப்போ என் வீட்லதான் இருக்கான். பேச்சு வந்துடுச்சு, லேசா குழறும். வலது கைதான் இன்னும் வரல. டாக்டர் பயிற்சி பண்ணச் சொல்றார். செய்ய மாட்டேங்கறான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவன் விடல. கை போச்சுன்னு தெரிஞ்சா அத்தான் படகை வித்துடலாம்பார்னு ஒரே பிடிவாதம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

இங்கே ஒருத்தர் உரிமை இல்லை என்று பேசாமல் இருந்தார். அங்கே ஒருத்தன் உரிமை போய்விடும் என்று பேசாமல் இருந்திருக்கிறான்.

"வந்து பாக்கலாமா?" என்றார்.

"தாராளமா வாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல வாங்க." உடனே சேர்த்துக்கொண்டாள். "நான் வேலைக்குப் போயிடுவேன். வீட்ல இருக்க மாட்டேன்."

"சரி" என்றார்.

மறுநாள் நாலு மணி தாண்டி அந்த வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. கூடத்தில் அவள் எடுத்துக்கொண்டு போன அலமாரி நின்றது. அதைப் பார்க்காதவர் மாதிரி தாண்டி உள்ளறைக்குப் போனார். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். வலது கை போர்வைக்கு மேலே தன்பாட்டுக்குக் கிடந்தது. இவரைக் கண்டதும் முகம் கோணியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பிரிக்க முடியவில்லை.

"என் வாரத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க அத்தான்" என்றான், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. "வித்துடாதீங்க."

"உன் வாரம் எனக்கு எதுக்கு? என் வாரமே எனக்குப் பெரிசா இருக்கு." கட்டிலோரம் உட்கார்ந்தார். "உன் பக்கத்தைக் கட்ட மறந்துட்டேன்டா. பெயின்ட் போச்சு."

மச்சான் கண்ணை அகல விரித்தான். "நீங்களா?" என்றான். இந்த முறை அது சிரிப்புதான், சந்தேகமில்லை.

போர்வைக்காரர் சட்டைப்பையிலிருந்து பட்டைத் துண்டு ஒன்றை எடுத்தார். மச்சானின் வலது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்து, உள்ளங்கையில் பட்டையைக் கிடத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் இழுக்கவில்லை. இழுக்க வேண்டியது மச்சான் பக்கம். பட்டை நடுவில் தொய்ந்து கிடக்க, பார்வையை அதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.