சந்நிதியில் இரண்டு பூப்பொட்டலம், ஜேர்மனியில் ஓர் இடம்

கடந்த ஆவணியில் யாழ்ப்பாணம் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. சுன்னாகத்தில் இருக்கும் வசந்தியக்கா, என் பெரியம்மாவின் மகள், அவசரமாகக் கூப்பிட்டிருந்தார். அவருடைய மகள் சங்கவிக்கு ஜேர்மனியில் வான்வெளிப் பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. இங்கே பொறியியல் பீடத்திலும் இடம் இருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

"நீ அங்கை அதைத்தானே படிச்சனி. வந்து வேண்டாம் எண்டு அவளுக்குச் சொல்லு," என்றார் அக்கா. நான் படித்து, இப்போது வேலை செய்வதும் ஜேர்மனியில்தான். விடுமுறைக்குக் கொழும்பில் நின்றேன்.

கொழும்புக் கோட்டையில் காலை ரயில் ஏறினால் பின்னேரம் சுன்னாகத்திலேயே இறங்கலாம். யாழ்ப்பாண நிலையத்தில் முண்டியடித்து இறங்கத் தேவையில்லை. போகுமுன் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது.

சங்கவியைப் பயமுறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஜேர்மனியில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜேர்மன் மொழியில். முதல் வருடக் கணிதத்திலேயே பலர் கழன்றுவிடுவார்கள். நெதர்லாந்தில் ஆங்கிலத்தில் படிக்கலாம், ஆனால் இடம் அளவோடுதான். அமெரிக்காவில் படித்தாலும், ரொக்கெட் வேலைகள் பலவற்றுக்குக் குடியுரிமை கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் அவள், "ஓம் சித்தி, அது வாசிச்சனான்," என்றாள். மொழிப் பரீட்சையும் பாஸ் பண்ணியிருந்தாள். இவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது?

"அக்கா, அவள் போகலாம்," என்றேன். அக்கா வெங்காயம் உரித்தபடியே, "சரி. வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போய்ப் பூக்கட்டிப் பாப்பம்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்பும் வைத்து இரண்டு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் ஒன்றை எடுப்பார்களாம். வெள்ளைப் பூ வந்தால் ஜேர்மனி, சிவப்பு வந்தால் இங்கேயே. ஒரு விமான இறக்கையை நூறு தரம் சோதித்துவிட்டும் சந்தேகப்படுகிறவள் நான். இவர்கள் பிள்ளையின் வாழ்க்கையை ஒரே தரத்தில் முடித்துவிடப் பார்த்தார்கள். அதைவிட அதிர்ச்சி, சங்கவியும் அதற்குத் தலையாட்டியதுதான்.

சுன்னாகத்திலிருந்து சந்நிதி முருகன் கோயில் இருக்கும் தொண்டைமானாறு பதினேழு கிலோமீற்றர் அளவில். ஓட்டோவுக்குப் போய்வர நாலாயிரம் ரூபா கொடுத்தோம். விஷயத்தைக் கேட்ட ஓட்டோக்காரர், "ஜேர்மனியோ? உந்த புளொக் அக்கவுண்ட் காசைத் திரும்பவும் கூட்டிப்போட்டாங்களாமே?" என்றார். படிக்கப் போகிறவர் வங்கியில் முன்கூட்டியே முடக்கி வைக்கவேண்டிய பணம் அது. பெர்லினில் உட்கார்ந்திருக்கும் என் நண்பர்களுக்கே அது கூடியது தெரியாது.

கோயிலில் நல்ல சனம். அக்கா வாழையிலையில் சுற்றி நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களையும் தட்டில் வைத்து, கும்பிட்டுவிட்டு, என்னிடம் நீட்டினார். "நீ எடு."

"நானோ?"

"ஓம். நீதானே போகலாம் எண்டு சொன்னனி."

சங்கவி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை.

இவ்வளவு நாளும், பெண்பிள்ளையைத் தனியே அனுப்பக்கூடாது என்று நின்ற தமக்கைமாருக்குப் பயந்து ஆம் இல்லை என்று ஒன்றும் சொல்லாமலிருந்த, அக்காவின் கணவரான அத்தான், அந்த இடத்திலேயே மூத்த தமக்கைக்கு அழைப்பெடுத்தார். "அக்கா, முருகன் போக விட்டிட்டார். இனி நாங்கள் என்ன கதைக்கிறது?" மாதக்கணக்கான சண்டை அத்தோடு சரி.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விடவேண்டும். தகப்பனும் மகளும் கால் கழுவப் போனபோது அது என் கையில் இருந்தது. ஒரு அளவீட்டை மட்டும் நம்பாதே என்று படித்த புத்தி சும்மா இருக்குமா? பிரித்தேன்.

அதற்குள்ளும் வெள்ளை நந்தியாவட்டை.

நிமிர்ந்தால் அக்கா முன்னால் நிற்கிறார். பொட்டலம் கட்டியவர் அவர்தான். "வேண்டாம் எண்டு சொல்லத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்?" என்றேன்.

"ஓம். நீ சொல்லியும் அவள் பிடிவாதமாய் நிண்டால் போக விடுறது எண்டு நினைச்சிருந்தனான்."

"பிறகு ஏன் இது?"

"நான் விட்டால், தாய்தான் விட்டவள் எண்டு நாளைக்கு எல்லாரும் கதைப்பினம். முருகன் விட்டால் ஆரும் வாய் திறக்கமாட்டினம்." பூவை வாங்கித் தலையில் செருகிக்கொண்டார். "பிள்ளைக்கு அங்கை ஏதும் எண்டாலும் நான் அவரோடை சண்டை பிடிக்கலாம். உன்னோடை பிடிக்க ஏலுமே?"

வெறும் வாழையிலையை மட்டும் ஆற்றில் விட்டேன்.

இந்தப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்ப யோசிப்பவர்களுக்கு: மொழியை இங்கேயே ஒழுங்காகப் படிப்பியுங்கள்; படித்து முடித்தபின் எந்த நாட்டில் வேலை தருவார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். சந்நிதிக்குப் போனால் மடத்தில் அன்னதானம் சாப்பிடாமல் வராதீர்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், அக்கா போட்ட நிபந்தனை அது.

சங்கவி போய்விட்டாள். முதல் கணிதப் பரீட்சையில் கோட்டைவிட்டாள். நான்தானே போகலாம் என்றவள் என்று பயந்து பயந்து அக்காவுக்கு அழைப்பெடுத்தேன்.

"தெரியும்," என்றார் அக்கா. "காலமை சந்நிதிக்குப் போய் அவரை நல்லா ஏசிப்போட்டு இப்பதான் வாறன். நீ சாப்பிட்டனியே?"