மார்பில் தொங்கிய ரீல்

வளைகுடாவில் டைவிங் வேலை பார்த்த நானும் முத்துப்பேட்டை யூசுப்பும் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தோம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மதகின் ஷட்டர் அடியில் சிக்கிக்கொண்டதால், கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை. விவசாயிகள் கேட்டுக்கொண்டதால் இறங்கினோம்.

கலங்கல் தண்ணீரில் திரும்பும் வழி தெரிவதற்காக, ரீலிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே போவோம். யூசுப் அப்படி முன்னால் போனான். மாற்று ரீலை நான் மார்புப் பட்டையின் வளையத்தில் தொங்கவிட்டிருந்தேன். அது அடியில் கிடந்த பழைய மீன்வலையில் மாட்டியது. இழுக்க இழுக்க வலை என் கைகளையும் சுற்றிக்கொண்டது. மூச்சு தாறுமாறாக ஓடியது.

நான் பின்னால் வராததை உணர்ந்த யூசுப், கயிற்றைப் பிடித்துத் தடவித் தடவி வந்து என் கைகளை இறுக்கிப் பிடித்தான். என் பதற்றம் அடங்கும்வரை விடவில்லை. பிறகு வலையை அறுத்தான்.

கரையேறியதும், “ரீல ஏன்டா நெஞ்சுல மாட்டுன?” என்று கேட்டான்.

“டக்குனு எடுக்கலாம்னுதான்.”

“வலைக்கும் அதான்டா வசதி. தொடைப் பையில வச்சு மூடு. வெளிய எதுவும் தொங்கக் கூடாது.”

அவன் சொன்னபடி வைத்துக்கொண்டு மறுபடி இறங்கி, அடியில் இருந்த அடைப்பை அகற்றினோம். சாயங்காலத்துக்குள் ஷட்டர் ஏறியது.

விவசாயிகள் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டே, “வலைல நானும் மாட்டிக்குவேனோன்னு பயந்துட்டேன்டா” என்றான் யூசுப். அவனுக்குப் பயமே கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் என்னைத் தேடி வந்திருக்கிறான்.