புளியமரத்துக்குள் ஏழு ஆணிகள்

வாடிப்பட்டியில் மர மில் வைத்திருக்கிறேன். நான்கு வழிச் சாலைக்காக வெட்டிய புளியமரங்களை ஒரு வருடம் ஏலத்தில் எடுத்தேன். ஆணி இருந்தால் ரம்பத்தின் பிளேடு அறுந்து தெறிக்கும். அதனால் அறுக்கும் முன் ஒவ்வொரு மரத்தையும் மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்ப்போம்.

டிடெக்டரில் மரத்தின் மேல் நகர்த்தும் வட்டத் தட்டுக்குக் காயில் என்று பெயர். ஒரு பெருத்த மரத்தை அறுக்க எடுத்த அன்று சின்ன காயில் மாட்டியிருந்தது. குண்டூசியைக்கூடக் காட்டும், ஆனால் ஆழம் போகாது. ரம்பம் ஓட்டும் சேகர், "பெருத்த மரம்ண்ணே, பெரிய காயில மாட்டுவோம்" என்றார். கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, "அதான் சத்தமே இல்லையே, ஏத்துப்பா" என்றேன்.

பாதி அறுத்ததும் ரம்பத்தின் ஒலி மாறியது. சுவிட்சை அணைக்கச் சேகர் குனிந்தார். அந்த நொடியில் பிளேடு அறுந்து, அவர் தலை இருந்த உயரத்தில் தூணில் செருகி நின்றது.

மரத்தைப் பிளந்து பார்த்தோம். ஒரு சாண் ஆழத்தில் ஏழு ஆணிகள், ஒவ்வொன்றிலும் சுற்றிய தலைமுடி. எப்போதோ பேய் ஓட்டி அறைந்தவை. மரம் வளர்ந்து மூடியிருந்தது.

"இது எங்கண்ணே நின்ன மரம்?" என்று சேகர் மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இப்போது பெருத்த மரத்துக்குப் பெரிய காயில்தான். அது சத்தம் போடாவிட்டாலும், மரம் நின்ற இடத்தை விசாரிக்காமல் ரம்பத்தில் ஏற்றுவதில்லை.