பொட்டு இல்லாத மிக்ஸி

திருஞானசம்பந்தம் என்று அவரை யாரும் முழுசாய்க் கூப்பிட்டதில்லை. ரேஷன் கார்டில் மட்டும்தான் அந்தப் பெயர் முழுநீளத்துக்கு இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் சம்பந்தம், பாலிடெக்னிக்கில் சம்பந்தம் சார். சொந்தக்காரர்கள் நடுவில், அதுவும் அவர் முதுகுக்குப் பின்னால், 'அளந்து போடு'. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிற பழமொழியில் பாதியை வெட்டி அவருக்குச் சூட்டிவிட்டார்கள். அவருக்கும் இது தெரியும். பேர் சின்னதாக இருந்தால் நல்லதுதானே என்பார்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மிக்ஸியும் கிரைண்டரும் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தார். காஸ்ட் இன்ஜினியர் என்று போர்டு போட்ட மேஜை கிடைத்தது. அது என்ன வேலை என்று சொந்தத்தில் ஒருத்தருக்கும் புரியவில்லை. 'கம்பெனில கணக்கு எழுதறாரு' என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவர் எழுதியதைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஒரு சாமானைத் திருகு திருகாகக் கழற்றுவார். ஒவ்வொன்றையும் தராசில் வைப்பார். இது இன்ன பிளாஸ்டிக், இன்ன மெஷினில் இவ்வளவு நேரம், ஆகவே இதற்கு நியாயமாக இவ்வளவுதான் ஆகவேண்டும் என்பார். அதற்குப் பிறகுதான் அவருடைய கேள்வி வரும். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, ஆளைக் கேட்கிற மாதிரி கேட்பார்: "நீ எதுக்குப்பா இருக்கற?" பதில் சொல்லத் தெரியாத பாகத்துக்கு அன்றோடு வேலை போய்விடும்.

இப்படிப்பட்ட மனுஷனோடு குடித்தனம் நடத்துவது லேசா என்ன? வீட்டுக்குள் எந்தச் சாமான் வந்தாலும் இரண்டாக வரும். ஒன்று பயன்படுத்த, ஒன்று பிரிக்க. குடை இரண்டு, குக்கர் இரண்டு, இஸ்திரிப்பெட்டி இரண்டு. கல்யாணமாகிப் புதுசாய் வந்தபோது கலைவாணி ஒருதரம் பயன்படுத்துகிற குக்கரைத் தேடித்தேடி, கடைசியில் அது கூடத்தில் செய்தித்தாள் மேல் துண்டுதுண்டாகக் கிடப்பதைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குழைத்தவள், பயன்படுத்துகிற சாமான் எல்லாவற்றுக்கும் பட்டையாகச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாள். "பொட்டு வச்சதத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். அன்று முதல் அதுதான் வீட்டுச் சட்டம். ஒவ்வொரு பூஜைக்கும் பொட்டைப் புதுப்பிப்பாள். அவரும் கடைசிவரை மீறவில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

சம்பந்தம் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் எதுவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். உடம்புக்குள் யாரோ மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி இருந்தது. ஐஸ்பெட்டி வந்து இறங்கியது. அதைக் கொண்டுவந்தவன் வாடகை சொன்னான். சம்பந்தம் பெட்டியைச் சுற்றி வந்து, தகரத்தைத் தட்டிப் பார்த்து, "சின்ன கம்ப்ரஸர்தானேபா. கண்ணாடி, தகரம், எல்லாம் சேத்தாலும் இவ்ளோ வாடகைக்கு நியாயம் இல்ல" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை. முப்பது வருஷமாகப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. நிமிர்ந்தபோது எதிரே மகள் தேவகி நின்றாள். ஓசூரிலிருந்து வயிற்றுப்பிள்ளையோடு காரில் ஓடிவந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள்.

அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. காரியம் முடிந்ததும் கிளம்பிப் போனாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். தாயே இல்லாத வீட்டுக்கு வருவானேன் என்று ஓசூரிலேயே பெற்றுக்கொண்டாள். குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அதோடு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சம்பந்தம் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றி கலைவாணியுடையது. அது தெரிந்தது, ஆனால் தெரிந்ததோடு நின்றுவிட்டது. மெஸ்ஸில் சாப்பிட்டார். இட்லியின் எடை கைக்குத் தெரிந்தது. உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

வருஷத் திதி நெருங்கியபோது தேவகி போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேன். திதி முடிச்சிட்டு சாய்ந்திரமே கெளம்பிடுவேன். எனக்கு அம்மாவோட மிக்ஸி வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"நகை..."

"வேணாம்னேன்ல? மிக்ஸி மட்டும் எடுத்து வையி."

வைத்துவிட்டாள். அந்த வீட்டிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான். அதையும் ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் இனி கேட்க ஒன்றும் இருக்காது, வரவும் காரணம் இருக்காது. இது சம்பந்தத்துக்கு நன்றாகவே புரிந்தது. சமையற்கட்டை மூடிவைத்தபோது அவருடைய அக்கா காமாட்சியம்மாள் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, பழைய அட்டைப்பெட்டிகளில் அடைத்துப் பரணில் ஏற்றியிருந்தாள். அவள் வந்தபிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சனிக்கிழமை வருமே. சனிக்கிழமை மதியம் அவருக்கு பாலிடெக்னிக்கில் வகுப்பு. கம்பெனி வேலையோடு இதையும் பல வருஷமாகச் செய்கிறார். அன்றைக்கு மிக்ஸி பாடம். கலைவாணியுடைய மாடலிலேயே இரண்டு வீட்டுக்கு வந்திருந்தன, பிரிக்க வந்தது இன்னும் பிரிக்காமலே பரணில் கிடந்தது. நாற்காலி போட்டு ஏறினார். ஒரே மாதிரி இரண்டு பெட்டி. முன்னால் இருந்ததைத் திறந்து, இத்தனை வருஷப் பழக்கத்தில், பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பொட்டு இல்லையென்றால் பிரிக்கலாம். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

துக்க வீட்டில் அந்த வருஷம் ஆயுத பூஜை கிடையாது என்பதோ, பழைய பொட்டை அக்கா தேய்த்துக் கழுவியிருப்பாள் என்பதோ அவருக்குத் தோன்றவில்லை. இரண்டாவது பெட்டியையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அந்த வருஷம் முழுக்க அவர் எதைத்தான் இரண்டாம் முறை பார்த்தார்?

வகுப்பில் பிள்ளைகளிடம் மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். திருகைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபரா தலைதூக்கினாள். பட்டுக்கடை கனி பாயின் மகள். கையும் வாயும் ஒரே வேகம்.

"சார், இது யூஸ் பண்ண மிக்ஸி சார். திருகு குழியில மஞ்சத்தூள் ஒட்டிக்கினு இருக்குது."

சம்பந்தம் திரும்பிப் பார்த்தார். அடிமூடி ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. சுவிட்சுப் பக்கம் இருந்த சின்னக் கீறலை அவருக்குத் தெரியும், கலைவாணியின் மிக்ஸிதான். நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சொல்ல வாய் எழவில்லை. நெஞ்சு திக்கென்றுகூட அடிக்கவில்லை. அதுதான் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"சரி, பிரிங்க" என்றார். பிறகு வழக்கமான கதையை வழக்கமான இடத்தில் ஆரம்பித்தார். எல்லா பேட்ச்சுக்கும் சொல்கிற கதைதான்.

"இந்த மாடல்ல முன்னாடி மோட்டார் உக்கார்ற எடத்துல நாலு மூலையிலயும் ரப்பர் மெத்தை இருந்துச்சு. நீ எதுக்கு இருக்கறன்னு கேட்டேன். சத்தத்தக் கொறைக்கன்னுச்சு. சரி, நீ இல்லாட்டி சத்தம் வாங்கறவங்களுக்குத் தெரியுமான்னு பாக்கணும் இல்ல? ரப்பர் இல்லாத மிக்ஸிய எங்க வீட்டுக்கே கொண்டாந்தேன். அப்ப ட்ரையல் எல்லாம் நைட்டு ஷிப்டுல. நான் காலைல வந்து படுப்பேன். அடுத்த ரூம்ல சட்னி அரைப்பாங்க. ஒரு நாள்கூட நான் முழிக்கல. வீட்லயும் கேட்டேன், சத்தம் ஜாஸ்தியான்னு. ஒண்ணும் தெரியலியேன்னாங்க. எழுதிக் குடுத்தேன், ரப்பர எடுத்துட்டாங்க. கம்பெனிக்கு லட்சக்கணக்குல மிச்சம். எனக்கு ப்ரைஸ் குடுத்தாங்க. வாங்கறவருக்குத் தெரியாத செலவு, வேண்டாத செலவு. எழுதிக்கோங்க."

எல்லோரும் எழுதினார்கள். ஃபரா எழுதவில்லை.

"சார், இதுல லிஸ்ட்ல இல்லாத பார்ட் ஒண்ணு வருது."

அவள் விரலில் ஒரு சின்ன மடிப்பு இருந்தது. அரக்கு நிறத் துணி, நாலாய் மடித்து, நூலால் இறுக்கிக் கட்டியது. மோட்டார் உட்கார்கிற மூலையிலிருந்து எடுத்திருந்தாள். மற்ற மூன்று மூலைகளிலும் அதே மாதிரி மூன்று இருந்தன. எண்ணெய் பட்டுக் கறுத்திருந்தாலும், ஒன்றின் ஓரத்தில் ஜரிகை மங்கலாய்த் தெரிந்தது.

"பட்டு சார். அசல் பட்டு" என்றாள் ஃபரா. அவளை அந்த விஷயத்தில் ஏமாற்ற முடியாது. "ரப்பரவிட இது ஜாஸ்தி ஆவுமே சார்." பிறகு, அவர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கின்படியே கேட்டாள்: "இது எதுக்கு சார் இருக்குது?"

தறியில் மரத்தோடு மரம் மோதுகிற இடத்தில் பழந்துணியை மடித்துக் கட்டிவைப்பது தறிவீட்டுப் பழக்கம். அதிர்ச்சி குறையும், சத்தமும் அடங்கும். அந்த மடிப்பும், அந்த இரட்டைச் சுற்று முடிச்சும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவருக்கு அடையாளம் தெரியாதா? கலைவாணியின் அரக்கு ரவிக்கை ஒன்று ஒருநாள் காணாமல் போனதும் நினைவுக்கு வந்தது. எலி கடித்துவிட்டது என்றாள். வேறு வாங்கிக்கொள் என்று அவர் சொல்லவில்லை.

"அத எடுத்துட்டு மூடு" என்றார். "இப்ப ஓட்டு."

ஓட்டினார்கள். ரப்பரும் இல்லாமல், பட்டும் இல்லாமல், அவர் எழுதிக்கொடுத்தபடியே மிக்ஸி ஓடியது. மேஜை தடதடத்தது. ஜன்னல் பக்கம் இருந்தவன் காதைப் பொத்திக்கொண்டான். அடுத்த வகுப்பிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். இந்தச் சத்தத்தைத்தான் ஊர் ஊராக, வீடு வீடாக விற்றிருக்கிறார்கள். சம்பந்தம் அணைக்கச் சொல்லவில்லை. ஃபராவே பயந்துபோய் அணைத்தாள்.

"சார்... இந்தக் கதைய நோட்டுல எழுதறதா, வேணாமா?"

"எழுதினவங்களும் அடிச்சிடுங்க" என்றார். முப்பது வருஷத்தில் பிரித்ததைத் திரும்பக் கோத்தவர் இல்லை, அன்று கோத்தார். நான்கு மடிப்பையும் அவற்றின் மூலைகளிலேயே வைத்தார். கை நிதானமாகத்தான் இருந்தது. கண்ணில் அப்போதும் ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்வதீர்த்தக் குளக்கரையில் திதி நடந்தது. வீட்டுக்கு வந்ததும் தேவகி குழந்தையைக் கூடத்தில் பாயில் போட்டுத் தூங்கவைத்தாள். சம்பந்திகளிடம் பேசுகிற மாதிரி அளந்து பேசிக்கொண்டிருந்தாள். சமையற்கட்டில் மிக்ஸியை வைத்து ஒருதரம் ஓட்டினாள். அது உம்மென்று அடக்கமாக ஓடியது. குழந்தை அசையவில்லை. தேவகி முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது.

"கடையில வாங்கினதெல்லாம் கத்துது. இவ எழுந்துக்கறா. அதான் கேட்டேன்" என்றாள், மிக்ஸியைப் பார்த்தே.

"உள்ள துணி வச்சிருக்கா" என்றார் சம்பந்தம்.

தேவகி திரும்பினாள். "உனுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து. தெரியாம பிரிச்சுட்டேன். திரும்ப வச்சிட்டேன், அது எப்டி இருந்துச்சோ அப்டியே. உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"டார்ச்சு புடிச்சதே நான்தான். மிக்ஸி வந்த மொத நாள், நீ வேலைக்குப் போயிட்ட. அம்மா போட்டுப் பாத்துச்சு, வீடே அதிருது. நைட்டு ஷிப்டு முடிச்சுக்கினு வர்ற மனுசன் இதுல எப்டி தூங்கும்னு, நீ வரதுக்குள்ளயே பிரிச்சிடுச்சு. உன்னப் பாத்துப் பாத்துக் கத்துக்கினதுதான்."

"நான் கேட்டனேம்மா. சத்தம் ஜாஸ்தியான்னு கேட்டேன்."

"நீ கேட்டப்பவே ரப்பர் வேணாம்னு பாதி பேப்பர் எழுதிட்டியாம். அப்புறம் ப்ரைஸ் வேற வந்துடுச்சு. இப்பவாவது சொல்லிடலாமான்னு நான் கேட்டேன். வேணாம்டி, அவரு கணக்கு தப்பாயிடும், பாவம், மொகம் வாடிப்பூடும்னுச்சு."

சம்பந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஐஸ்பெட்டியைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "தேவகி, அன்னிக்கு நான்..." என்றதோடு குரல் உடைந்துவிட்டது. ஒரு வருஷமாக எங்கே போயிருந்ததோ, அத்தனையும் ஒரே மூச்சில் மேலே வந்தது. கூடத்தில் குழந்தை தூங்குகிறதே என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வெளியே வரவில்லை.

தேவகி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"எடுப்பா அத. நல்லா அழு. அவ எழுந்தா நான் பாத்துக்கறேன்."