தலைவரின் முதல் உரையை நான் வாசித்த நாள்

என் கணவர் அக்கராயனில் வயல் செய்யும் ஒரு கமக்கார வீட்டுப் பிள்ளை. வீட்டில் எல்லாரும் பிள்ளையார் கோயில்காரர். இவர் மட்டும் இருபது வயதில் மனம் மாறி, குளத்தில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, பிறகு மாங்குளத்தில் பப்டிஸ்ட் போதகரானார். பழைய ஒழுங்குகளில் இம்மியும் விலகமாட்டார். தலையில் தண்ணீர் தெளித்தால் அது ஞானஸ்நானம் இல்லை. பெண்கள் மேடையில் பிரசங்கிக்கக் கூடாது. முதலாவதற்கு நான் தலையாட்டிவிட்டேன். இரண்டாவதற்கு இன்றுவரை இல்லை.

போன வருடம் எங்கள் சபைகள் சேர்ந்து அவரைத் தலைவராகத் தெரிவு செய்தன. கிளிநொச்சியில் கூட்டம், முதல் உரை. முந்தின நாள் மழைக்குள் குளத்தில் இறங்கி ஏழு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விடிய எழும்பினார், வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு தரம் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

எழுதி வைத்திருந்த உரையை உதவிப் போதகர் வாசிப்பதென்று முடிவாயிற்று. என் கணவரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். பாவம் அந்தத் தம்பி, கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் பார்த்துவிட்டு, "கிறிஸ்துவின் மாடுகளில் நாமும் பங்கு பெறவேண்டும்" என்று வாசித்தார். 'பாடுகள்', அதாவது துன்பங்கள், என்றுதான் எழுதியிருந்தது.

"எத்தினை மாடு ஐயா?" என்றார் பின்வரிசையில் ஒருவர். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

என் கணவர் என்னைத் தேடிப் பார்த்தார். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். எழும்பிப் போய் மேடைக்குக் கீழே நின்று தாள்களை வாங்கினேன். மைக் வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கொஞ்சம் யோசித்தார். பிறகு கையால் "மேலே வாரும்" என்று காட்டினார்.

ஏறிப் போய் மைக் முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் போனதும் குரல் சரியாக வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தின் முதல் வரியைக் கண்டதும் நின்றேன். திரும்பி அவரைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். எழுதியதை மாற்ற எனக்கு உரிமை இல்லை. தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன்:

"பெண்கள் மேடையேறிப் பேசுவதை எங்கள் சபைகள் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது."

பிறகு முன்வரிசைப் பெண்கள் தொடங்கிய சிரிப்பு கதவுவரை போனது. அவரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணீர் துடைத்தார். மிச்சத்தையும் வாசித்து முடித்தேன்.

திரும்பி வரும்போது தெருவோரக் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பாலில்லாத பிளேன்ரீ குடித்தோம். அவர் குனிந்து காதுக்குள், "நல்லா வாசிச்சீர்" என்றார்.

"வாசிச்சனானோ, பிரசங்கிச்சனானோ?"

"வாசிச்சீர்" என்றார் மறுபடியும், முழுப் பிடிவாதத்தோடு. பிறகு தன் வடையில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.